கோவையில் வாங்கிய பழைய கார், கிலோமீட்டர் கணக்கில் பொய்: விற்ற கடைக்காரரிடம் முழுப் பணத்தையும் திரும்பப் பெற முடியுமா?

எல்லைக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். கோவையில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் 2016ஆம் ஆண்டின் டீசல் கார் ஒன்றை 4,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். இதில் 3 லட்சம் ரூபாய் கடன். மீதித் தொகையை நேரடியாகக் கடையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். கடைக்காரர் வாட்ஸப்பில் அனுப்பிய விளம்பரத்தில் வண்டி 61,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது என்றும், எஞ்சினில் எந்த வேலையும் நடக்கவில்லை என்றும் எழுதியிருந்தது.

வாங்கிய சில வாரங்களில் நெல்லியாம்பதிக்கு ஏறும்போது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானது. உள்ளூர் மெக்கானிக், ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கிறது என்றும், எஞ்சின் ஏற்கெனவே ஒருமுறை திறக்கப்பட்டிருக்கிறது என்றும் சொல்கிறார். கடைக்காரரைக் கேட்டால், பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், வேண்டுமானால் பாதிச் செலவை ஏற்கிறேன் என்கிறார். ரசீதின் அடியில் "விற்ற வண்டி திரும்பப் பெறப்படமாட்டாது, உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆர்சி இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறது. சித்தூர் ஆர்டிஓ அலுவலகத்துக்கு மாற்றுவதற்கான என்ஓசிக்கு (தடையில்லாச் சான்றுக்கு) விண்ணப்பிக்கப் போவதாகக் கடையில் சொல்கிறார்கள். (பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன். ஆந்திர நண்பர்கள் தங்கள் ஊர் என்று எண்ணிவிட வேண்டாம்.)

இங்கிலாந்தில் 30 நாட்களுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம் என்று ஓர் இணையப் பக்கத்தில் படித்தேன். நமக்கும் அப்படி ஏதாவது உண்டா?

பழைய ஸ்பேனர் (வேலந்தாவளம்)

தம்பி, சட்டம் தெரிந்தவர்கள் பிறகு வருவார்கள். அதற்குள் எஞ்சினைத் திறக்க விடாதீர்கள். ஹெட்டைக் கழற்றிவிட்டால், அது எந்த நிலையில் இருந்தது என்பதற்கு உங்கள் மெக்கானிக்கின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இருக்காது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை படிந்திருக்கிறதா, எஞ்சின் ஓடும்போது கூலண்ட் தொட்டியில் குமிழி கிளம்புகிறதா என்று பார்த்து, இரண்டையும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். பதிவெண் பலகையிலிருந்து வீடியோ தொடங்கட்டும்.

இன்னொன்று, 61,000 என்ற கணக்கை நான் நம்பவில்லை. கிளட்ச் மிதியின் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல்தோல், ஓட்டுநர் இருக்கையின் கதவோர விளிம்பு ஆகியவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் கொண்ட எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால் அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. 2016 வண்டியில் நான்கு டயரும் 2019இல் செய்தவையாக இருந்தால், முதல் டயர்கள் மூன்று ஆண்டுகளில் தேய்ந்து போயிருக்கின்றன என்றாகிறது. அதை வைத்து மட்டும் எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைக் கொடுத்து, ஒவ்வொரு சர்வீஸின் போதும் எத்தனை கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள்.

எல்லைக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

ஐயா, நீங்கள் சொன்னபடி சர்வீஸ் சென்டரில் கேட்டேன். கட்டணச் சீட்டுகளைத் தர முடியாது என்றாலும், தேதியும் கிலோமீட்டரும் உள்ள பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தார்கள். 2021இல் செய்த சர்வீஸிலேயே 1,12,340 கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு வண்டி அங்கே போகவில்லை. இன்று மீட்டர் 62,900 காட்டுகிறது.

கறுப்பு அங்கி (பாலக்காடு)

இந்தப் பட்டியல் கிடைத்த பிறகு உங்கள் வழக்கின் முகமே மாறிவிட்டது. ஒன்பது, பத்து ஆண்டு ஓடிய வண்டியில் ஹெட் கேஸ்கட் போவது விற்கும்போதே இருந்த குறையா, பிறகு நேர்ந்த தேய்மானமா என்பதை இரண்டு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வாதாடிக்கொண்டிருக்கலாம். நீங்கள் மலை ஏற்றியதால்தான் போனது என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் 61,000 என்று எழுத்தில் சொல்லி 1,12,000க்கு மேல் ஓடிய வண்டியை விற்றதற்கு அப்படி ஒரு மறுமொழி கிடையாது. ஆகவே பழுதை முன்னே வைக்காமல், பொய்யை முன்னே வைத்து, பழுதை அதன் விளைவாகக் காட்டுங்கள்.

நீங்கள் படித்த 30 நாள் விதி பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தைச் சேர்ந்தது. அங்கே கடையில் வாங்கிய பழைய காருக்கும் அது பொருந்தும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, மாறாக நிரூபிக்கப்படாதவரை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இங்கே அந்த அனுமானம் இல்லை. குறை இருந்தது என்று வாங்கியவர்தான் நிறுவ வேண்டும். ஆனால் நம் சட்டத்திலும் ஒரு 30 நாள் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47), நியாயமற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதும், ரசீது தராமல் விடுவதும் அதே பிரிவில்தான் வருகின்றன. பிடிக்கவில்லை என்று திருப்பித் தரும் உரிமையை இது உங்களுக்குக் கொடுக்கவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

"விற்ற வண்டி திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற அச்சு வாசகத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பொய் சொல்லி வாங்கிய சம்மதத்தை ரசீதின் அடிக்குறிப்பு காப்பாற்றாது. "உள்ளது உள்ளபடி" என்பது நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய கீறலுக்கும் மங்கிய பெயிண்டுக்கும் பொருந்தலாம். திருத்தி வைத்த மீட்டரைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்ள முடியும்?

நாலு சக்கரம் (பொள்ளாச்சி)

நான் பழைய கார் வியாபாரம் செய்பவன். எல்லாக் கடைக்காரர்களையும் திருடர்களாகப் பேசுவதற்கு முன் மறுபக்கத்தையும் கேளுங்கள். நாங்கள் ஏலத்திலும் தரகர்களிடமும் வண்டி வாங்குகிறோம். மீட்டரைத் திருத்தியவர் மூன்று கை முன்பே திருத்தியிருக்கலாம். லாபத்தில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டி, வண்டியைக் கழுவி, இரண்டு மாதம் கடையில் வைத்து விற்கும் எங்களுக்கு ஒவ்வொரு வண்டியின் பூர்வ கதையும் தெரியும் என்று எண்ணுவது சரியா?

சட்டமும் எங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. தவறான தகவலால் சம்மதம் கொடுத்திருந்தாலும், சாதாரண கவனத்துடன் விசாரித்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலை இருந்தால், ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 19 சொல்கிறது. இவர் சர்வீஸ் சென்டரில் இப்போது கேட்டதை வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கலாம் அல்லவா?

கறுப்பு அங்கி (பாலக்காடு)

நல்ல கேள்வி; எதிர்த்தரப்பு வக்கீலும் இதைத்தான் கேட்பார். ஆனால் அந்த விதிவிலக்கு அறியாமல் சொன்ன தவறான தகவலுக்கும், பேச வேண்டிய இடத்தில் மோசடியாக மௌனம் காத்ததற்கும் மட்டுமே பொருந்தும். தெரிந்தே வாய் திறந்து சொன்ன பொய்க்கு அது பொருந்தாது. கடைக்காரருக்குத் தெரியுமா தெரியாதா என்பது சிவில் வழக்கில் பெரிய சண்டையாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே கேள்வி, கடைக்காரரின் மனத்தில் என்ன இருந்தது என்பதைவிட, அவர் பொருளைப் பற்றிச் சொன்னது பொய்யா என்பதையே பெரிதும் சுற்றி நிற்கும். நீங்கள் மூன்று கைக்கு முன்னால் என்கிறீர்கள். பதிவெண்ணைக் கொடுத்து அவர் ஒரே நாளில் வாங்கிய பட்டியலைத் தொழிலாகவே இதைச் செய்யும் கடைக்காரர் வாங்க முடியாதா?

நாலு சக்கரம் (பொள்ளாச்சி)

வாங்கலாம். நான் வாங்கித்தான் விற்கிறேன். வாங்காதவர்கள் ஏன் வாங்குவதில்லை என்பது எனக்கும் தெரியும், அதை இங்கே எழுத விரும்பவில்லை.

கறுப்பு அங்கி (பாலக்காடு)

அந்த நேர்மைக்கு நன்றி. எல்லைக்காரனுக்கு ஒரு கேள்வி. ரசீதில் விற்பவர் என்று யார் பெயர் இருக்கிறது? கடையின் பெயரா, பழைய உரிமையாளரின் பெயரா?

எல்லைக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

பணம் பெற்ற ரசீது கடையின் பெயரில் இருக்கிறது. ஆனால் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பழைய உரிமையாளர் நேரடியாக எனக்கு விற்றதாகக் கையெழுத்திட்டிருக்கிறார். அவரை நான் பார்த்ததே இல்லை.

கறுப்பு அங்கி (பாலக்காடு)

எதிர்பார்த்ததுதான். நாளைக்கு வழக்கு வந்தால், "நான் வெறும் தரகன், விற்றவர் அவர்" என்று கடைக்காரர் நழுவுவதற்கான வழி அந்தப் படிவங்களில் இருக்கிறது. இதை அடைக்கத்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ முதலான விதிகள் சேர்க்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் கடைக்காரர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது ஐந்தாண்டு செல்லும். உரிமையாளர் வண்டியைக் கடையில் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அதன் பிறகு கடைக்காரரே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் கடைக்காரர் அந்தச் சான்று பெற்றவரா என்று எழுத்தில் கேளுங்கள். பெற்றவர் என்றால் தரகர் என்ற வாதம் விழுந்துவிடும். பெறாதவர் என்றால், அங்கீகாரம் இல்லாமல் தொழில் நடத்துகிறார் என்பதை நோட்டீஸில் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ளலாம். எப்படியிருந்தாலும் கடையின் கணக்குக்கே பணம் போயிருப்பதும் விளம்பரம் கடையின் எண்ணிலிருந்து வந்திருப்பதும் உங்களுக்குப் பெரும் துணை. மனுவில் கடைக்காரரை முதல் எதிர்மனுதாரராகவும் பழைய உரிமையாளரை இரண்டாவதாகவும் சேர்க்கலாம். பழைய உரிமையாளர் தாம் எத்தனை கிலோமீட்டரில் கடைக்குக் கொடுத்தேன் என்று சொல்ல நேர்ந்தால், மீட்டர் யார் கையில் திரும்பியது என்பது தானே வெளிவரும்.

அவசரமான ஒன்று இருக்கிறது. என்ஓசி வேலையை இன்றே நிறுத்தச் சொல்லி எழுதுங்கள். வண்டியைக் கேரளத்துக்குக் கொண்டுவந்து, இங்கே வரி கட்டி, கேஎல் எண் வாங்கிவிட்டால், பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவு வந்தாலும் கடைக்காரர் கைக்கு வேறொரு மாநிலத்து வண்டிதான் திரும்பும். அவரால் அதைக் கோவையில் எளிதில் விற்க முடியாது என்பதால் இழுத்தடிப்பார், நீங்கள் கட்டிய வரியும் சிக்கிக்கொள்ளும்.

மேலும், வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 42இன்படி, நிராகரிப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்துக்கொண்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். வண்டி எங்கே நிற்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்து எடுத்துச் செல்லலாம் என்று கடிதத்தில் சேருங்கள். ஆர்சி பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும்போது விபத்து நேர்ந்தால், பதிவில் உள்ளவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்த்திருக்கிறது. அதனால் அவர் உங்கள் மேல் பாய்வார். அந்தச் சிக்கலும் உங்களுக்கு வேண்டாம்.

நகரிக்காரன் (சித்தூர் மாவட்டம், ஆந்திரம்)

எங்கள் சித்தூரிலிருந்து ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைப் பக்கத்திலிருந்து மலிவாக ஒரு கார் வாங்கி, அது தண்ணீரில் நின்ற வண்டி என்று பிறகு தெரிந்து, கடைக்காரரோடு மல்லுக்கட்டியவன் நான். நான் சொல்ல வந்தது கடனைப் பற்றி. வண்டி பழுது என்று இஎம்ஐ கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் வண்டியின் குறைக்கும் தொடர்பில்லை. தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கடைக்காரருக்கு எதிரான உங்கள் முதல் சாட்சியமே போய்விடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். கடைசியில் சமாதானமானபோது, கட்டிய வட்டியையும் சேர்த்தே கேட்க முடிந்தது.

இன்ஷூரன்ஸ் தாளையும் புரட்டிப் பாருங்கள். முந்தைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) 50 விழுக்காட்டிலிருந்து திடீரெனச் சுழியாகியிருந்தால், அதற்கு முந்தைய ஆண்டில் இழப்பீடு வாங்கியிருக்கலாம். என் வண்டியின் கதை அப்படித்தான் அவிழ்ந்தது. கைமாறும்போதும் போனஸ் போய்விடும் என்பதால், பெயர் மாறிய தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லைக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

என்ஓசியை நிறுத்தும்படி எழுதிவிட்டேன். இன்னொரு சந்தேகம். கடை கோவையில் இருக்கிறது. வழக்கு என்றால் நான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வாளையார் தாண்டிப் போக வேண்டுமா?

கறுப்பு அங்கி (பாலக்காடு)

வேண்டாம். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ வழக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் போட முடிந்தது. 2019 சட்டம், பிரிவு 34, புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலும் போடலாம் என்று அனுமதிக்கிறது. எனவே பாலக்காடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மின்னணு முறையில் தாக்கல் செய்யலாம், நீங்களே வாதாடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. எல்லைத் தாலுகாக்களில் தமிழில் மட்டுமே எழுதப் பழகியவர்கள் பலர் என்பதால் சொல்கிறேன்: மனுவை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ கொடுத்து, தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பை இணைத்துவிட்டால் தாமதம் குறையும்.

முதலில் நோட்டீஸ். ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள், அதையே வாட்ஸப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வண்டியை நிராகரிக்கிறேன், விலையும் கடன் வட்டியும் இழுவை வண்டிச் செலவும் திரும்ப வேண்டும் என்று தெளிவாகத் தொகையோடு எழுதுங்கள். உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவரை வைத்து வண்டியைப் பரிசோதிக்கப் போகும் தேதியைக் குறிப்பிட்டு, கடைக்காரரையும் அழையுங்கள். வராவிட்டால் வராததும் சாட்சியம்தான். பிறகு ஆணையம் தேவையென்று கருதினால் தானே ஒரு வல்லுநரை நியமிக்கும். சர்வீஸ் சென்டரின் பதிவேடுகளையும் வரவழைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. வாட்ஸப் செய்திகளை அழிக்காமல் அந்தக் கைபேசியையே வைத்திருங்கள். 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், பிரிவு 63இன்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும்.

தேயிலைக்காடு (வண்டிப்பெரியார்)

எனக்கும் ஒரு கேள்வி. நான் கம்பத்தில் ஒரு பழைய ஜீப் வாங்கி, எஸ்டேட் லயங்களுக்கு ஆள் ஏற்றிப் பிழைக்கிறேன். வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்கிறார்களே, எனக்கு இந்த வழி அடைபட்டதுதானா?

கறுப்பு அங்கி (பாலக்காடு)

சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்கென்று மட்டுமே வாங்கியதை வணிக நோக்கமாகச் சட்டம் கொள்வதில்லை. ஒரே ஜீப்பை வாங்கி அதை நம்பிப் பிழைக்கும் நீங்கள் நுகர்வோர்தான். நான்கு ஜீப் வாங்கி ஆள் வைத்து ஓட்டினால் கதை வேறு. ஒன்று மட்டும்: கடையில் வாங்காமல், தன் சொந்த வண்டியை விற்ற ஒரு தனி ஆளிடம் வாங்கியிருந்தால், அவர் வணிகர் அல்லர் என்பதால் சிவில் நீதிமன்றம்தான் வழி.

எல்லைக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

நிலவரத்தைத் தெரிவிக்கிறேன். சர்வேயர் பரிசோதனைக்குக் கடைக்காரர் வரவில்லை. ஹெட் முன்பே ஒருமுறை கழற்றி மாட்டப்பட்டதற்கான அடையாளங்களையும், உள்ளே வேறொரு கட்டுப்பாட்டுக் கருவியில் பதிவான கிலோமீட்டர் மீட்டரோடு பொருந்தவில்லை என்பதையும் சர்வேயர் எழுத்தில் கொடுத்தார். அந்த அறிக்கையின் நகல் போன பிறகுதான் கடையிலிருந்து அழைப்பு வந்தது. முதலில் வேறொரு வண்டியைத் தருவதாகச் சொன்னார்கள், மறுத்தேன். பிறகு விலையில் 20,000 ரூபாய் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்றார்கள். ஓட்டியதற்கான கழிவு என்று காரணம் சொல்கிறார்கள். வழக்குப் போட்டால் முழுத்தொகையும் வட்டியும் கிடைக்கலாம், ஆனால் எவ்வளவு காலம் ஆகுமோ தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பழைய ஸ்பேனர் (வேலந்தாவளம்)

வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. கடன் வட்டியும் இன்ஷூரன்ஸும் மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நகரிக்காரன் (சித்தூர் மாவட்டம், ஆந்திரம்)

நான் ஒத்துக்கொள்ளவில்லை. மீட்டரைத் திருத்தி விற்றவருக்கு 20,000 ரூபாய் பரிசா? குறைந்தது சர்வேயர் செலவையும் இழுவைச் செலவையுமாவது கேளுங்கள்.

கறுப்பு அங்கி (பாலக்காடு)

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம். நடைமுறையில் அதைவிட நீளும், தோற்றவர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடும் செய்யலாம். அப்படிச் செய்ய உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும் என்பது உங்கள் கையில் உள்ள பிடி. அதைச் சொல்லிக் கழிவை 10,000க்குக் குறைத்துக் கேளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதற்கு மேல் இழுக்க மாட்டேன்.

தொகை எதுவானாலும் வண்டியைக் கொடுக்கும் முறையில் கவனம் தேவை. பணம் உங்கள் கணக்கிலும் கடன் நிறுவனத்தின் கணக்கிலும் வந்து சேர்ந்த பிறகே சாவியைக் கொடுங்கள். பின்தேதியிட்ட காசோலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட படிவம் 29, 30 ஆகியவற்றின் மூலப் பிரதிகளைத் திரும்ப வாங்கி ரத்து செய்யுங்கள். ஒப்படைத்த தேதி, நேரம், அன்றைய மீட்டர் அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கடையின் முத்திரையோடு ரசீது வாங்குங்கள். கடனுக்கான நிலுவையின்மைச் சான்றையும் கேட்டுப் பெறுங்கள்.

எல்லைக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

கழிவு 12,000 ரூபாய்க்கு இறங்கியது. சர்வேயர் கட்டணத்தைத் தனியாகக் கொடுத்தார்கள். கடன் நிறுவனத்துக்குரிய தொகை நேற்று போய்ச் சேர்ந்தது, மீதி என் கணக்குக்கு வந்த பிறகு வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். படிவங்கள் கைக்கு வந்துவிட்டன. ரசீதில் மீட்டர் அளவு எழுத அவர்கள் தயங்கினார்கள், எழுதாமல் சாவி இல்லை என்றேன், எழுதினார்கள். நிலுவையின்மைச் சான்று மட்டும் இன்னும் வரவில்லை.

நாலு சக்கரம் (பொள்ளாச்சி)

சான்று வர இரண்டு வாரம் ஆகும், வரும்வரை தொடர்ந்து கேளுங்கள். அந்த வண்டியின் பதிவெண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு ஏலத்தில் வந்தால் என்ன கிலோமீட்டர் காட்டுகிறது என்று பார்க்கிறேன்.